செவலைக்கு விரித்த சாக்கு

தம்பி,

நீ போட்ட கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வாடகைக் கார் எடுத்து வருவதாகவும், கூடவே தாட்டியான ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவருவதாகவும், என்னைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து இந்த மாடியிலிருந்து இறக்கி, அங்கே உன் வீட்டு மாடியில் அப்படியே ஏற்றிவிடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். நான் நழுவிவிடாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டியைக் கட்டலாம் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாய். வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்குகிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பாசத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நாற்காலியை நீயே வைத்துக்கொள். ஏன் என்று கேட்பாய். அதற்கு நம் வீட்டு நாய் செவலையின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது உன் அப்பா சொன்ன கதை.

நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருஷம் அது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நீ லீவுக்கு வந்தபோது செவலை மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது, தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. காட்டில் வளர்ந்த நாய் மாடி ஏற எப்படிப் பழகியது என்று நீ அப்பாவிடம் கேட்டாய். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, கழுத்தில் கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பில் மேலே கொண்டுபோய்ப் பழக்கிவிட்டதாகச் சொன்னார். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புருஷன் பிள்ளையிடம் பெருமை பேசும்போது குறுக்கே போய்ப் பொய் என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. இப்போது அவரும் இல்லை, நாயும் இல்லை. சொன்னால் யாருக்கும் குறைச்சல் வந்துவிடாது.

இந்தத் திருத்தங்கல் வீட்டை அப்பா கட்டியது தீப்பெட்டிக் கம்பெனி நன்றாக ஓடின வருஷத்தில். சீசனுக்கு மத்தாப்புப் பெட்டியும் போட்டார். வடக்கே இருந்து ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் கீழும் மேலும் படியும் எல்லாம் சிவப்புச் சிமெண்டுத் தரை. மற்ற ஊர்களில் இந்தத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பார்கள். நம் பக்கம் தீப்பெட்டிக்காரர் வீடுகளில் மெழுகுதான். குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில் முக்கியெடுப்பார்கள் இல்லையா, அந்தத் தொட்டியின் அடியில் தங்குவதைச் சுரண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் உருக்கித் தடவித் துணியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தரையில் முகம் தெரியும். யார் வீட்டுத் தரையில் நன்றாக முகம் தெரிகிறது என்பதில் எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. வந்தவர்கள் வழுக்கி விழப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு அது ஒரு மரியாதை. அப்பா நம் வீட்டுப் படிகளையும் விட்டுவைக்கவில்லை. மாடிப்படிக்கு மெழுகு போடுகிற புத்தி இந்த வட்டாரத்தைத் தவிர வேறு எங்கேயும் யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்போது உன் தாத்தா எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். செவலை அவர் வளர்த்த நாய். சாணி மெழுகின தரையிலும் உழவு மண்ணிலும் வளர்ந்தது, படி என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போது தாத்தா கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டு, கட்டை அவிழ்த்து, எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் உடம்பில் தெம்பு வராமல் அவர் படுத்தே இருந்தார். அப்பா போய் அவரையும் நாயையும் இங்கே கொண்டுவந்தார். கீழே எந்நேரமும் பெட்டி ஒட்டுகிற பெண்களும், ஏஜண்டுகளும், மருந்து வாடையுமாக இருக்கும் என்பதால் காற்றோட்டமான மாடி அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். உன் அப்பா செய்த காரியங்களில் நல்ல எண்ணம் இல்லாத காரியம் குறைவு.

அவரை எப்படி மேலே ஏற்றினார்கள் என்கிறாய்? நாற்காலியில்தான். கம்பெனி ஆட்கள் நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நாய் அவர்கள் காலுக்கு இடையில் புகுந்து பின்னாலேயே ஓடியது. படி திரும்புகிற இடத்தில் முன்னால் பிடித்திருந்தவனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாத்தாவின் பாதி உடம்பு கைப்பிடிச் சுவருக்கு வெளியே வந்துவிட்டது. பின்னால் இருந்தவன் தாங்கிக்கொண்டான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் நாய் மிதிபட்டு, நகம் எதிலும் பிடிக்காமல், மேலேயிருந்து கீழே வரைக்கும் உருண்டு வந்து, கூடத்துத் தரையில் நாலு காலும் நாலு பக்கமாகப் பரப்பிக்கொண்டு கிடந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், கால் விலகும், மறுபடி விழும். கடைசியில் வயிற்றால் இழுத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டது. மேலே நாற்காலியில் இருந்தபடியே தாத்தா, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பிடிப்பதிலேயே எல்லாரும் குறியாக இருந்தார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். அன்றிலிருந்து செவலை வாசல் கல்லைத் தாண்டவில்லை. சிவப்புத் தரையைப் பார்த்தாலே முன்னங்காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். தாத்தா மேலேயிருந்து அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிட அதற்கு நடுக்கம் அதிகமாகும், வாலை ஒடுக்கிக்கொண்டு முனகும். போகவும் வேண்டும், போகவும் முடியவில்லை. அந்த முனகல் பொழுது சாயும்போது ஊளையாக மாறும். மேலே ஒரு பெரியவர் படுத்துக்கிடக்க, வாசலில் நாய் ஊளையிட்டால் ஊர் என்ன பேசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பேசினார்கள். பெட்டி ஒட்ட வந்த பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்பாவின் காதுக்கும் போனது.

அப்பா முதலில் கயிறு கட்டினார். அந்த மட்டுக்கும் அவர் உன்னிடம் சொன்னது நிஜம். இழுத்தார். நாய் பின்னங்காலை ஊன்றிப் பார்த்தது, ஊன்றினால் நிற்கிற தரையா அது? தேர் மாதிரி வழுக்கிக்கொண்டு படியடி வரைக்கும் வந்தது. முதல் படியில் தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. பிறகு ஒருவனை விட்டுத் தூக்கச் சொன்னார். தூக்கியவன் கையைக் கடித்து, அவன் வேட்டியிலேயே ஒன்றுக்கும் போய்விட்டது. கறி எலும்பைப் படியில் வைத்தோம். எச்சில் ஒழுக ஒழுகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. கடைசியில் எலும்பை எறும்புதான் தின்றது. அதன்மேல் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய கோபம் எப்போதும் அவமானத்திலிருந்து வருவது, அது தெரிந்தால் அவரோடு குடித்தனம் நடத்தலாம்.

"மேல மனுசன் படுத்துக் கெடக்காரு, கீழ இது ஊளை போடுது. வெளங்குமா வீடு?" என்றார் என்னிடம். "தீவாளி லோடு போகட்டும். லாரி சும்மா திரும்புறப்ப இதை ஏத்தி எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி காவலுக்கு விட்டுருவேன். சொல்லிட்டேன்."

தரைக்குப் பயப்படுகிற நாயை, தினமும் வெடி போட்டுப் பார்க்கிற இடத்தில் சங்கிலியில் கட்டிப்போடுவது. அதைவிட எனக்கு உன் தாத்தாவை நினைத்துத்தான் பயம். அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். தட்டைக் கொண்டுபோனால், செவலை சாப்பிட்டதா என்று முதலில் கேட்பார். சாப்பிட்டது என்றால் ஒரு வாய் சாப்பிடுவார். என் முகத்தைப் பார்த்து நான் சொல்வது பொய்யா மெய்யா என்று அளப்பார். ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே, "அது ஏந் தாயி வரமாட்டேங்குது? எம்மேல கோவமா?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் அதட்டியே பேசின மனுஷர் அப்படிக் கேட்டது எனக்குச் சகிக்கவில்லை. அவரையே கீழே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பாய். கேட்டுப் பார்த்தோம். கால் வலிக்கிறது என்பார். நாற்காலியைக் கொண்டுவந்தால் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். வைத்தியரோ காலில் ஒன்றும் இல்லை என்கிறார். வயசானவருக்கு வீம்பு என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். சீசன் நடுவில் வீம்பை யார் உட்கார்ந்து ஆராய்வது?

நாய் கல்லிலும் மண்ணிலும் நன்றாகத்தான் நடக்கிறது, தரைதான் அதற்கு ஆகவில்லை, அப்படியானால் தரையை மூடினால் என்ன என்று நினைத்தேன். விருதுநகரில் உன் மாமாவின் மண்டியிலிருந்து பழைய சாக்குகள் ஒரு கட்டு அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவன் வத்தல் சாக்கைத்தானே அனுப்புவான்? நான் உதறாமல் விரித்துவிட்டேன். நாய் மூக்கை வைத்தது, தும்மியது, தும்மித் தும்மித் தெருக்கோடி வரைக்கும் ஓடிவிட்டது. கூடத்தில் பெட்டி ஒட்டின பெண்கள் அத்தனை பேரும் தும்மினார்கள், அன்றைக்கு வேலை கெட்டது. சாக்குகளைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி விரித்தேன். இந்தத் தடவை நாய் துணிந்து ஒரு காலை வைத்தது. மெழுகுத் தரையில் சாக்கே வழுக்கியது. சாக்கோடு நாயும் போய்ச் சுவரில் முட்டியது. நானும் அதைப் பிடிக்கப் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வழியில்லாமல் தரையில் இருந்தபடி என் முகத்தை நானே அந்தச் சிவப்பில் பார்த்தேன். அழகாகத்தான் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்தத் தரைமேல் கோபம் வந்தது.

அப்பா லோடு விஷயமாக வெளியூர் போயிருந்தார். அண்டாவில் வெந்நீர் போட்டேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மெழுகு இளகினதும் சாம்பலும் செங்கல்பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். வாசலிலிருந்து படியடி வரைக்கும் ஒரு நடைபாதை அளவுக்கு, பிறகு படிகள். பளபளப்பெல்லாம் போய், தரை செம்மண் திட்டு மாதிரி ஆனது. சாக்கைப் படி அளவுக்கு வெட்டி, கம்பெனியில் பெட்டி ஒட்டுவதற்குக் காய்ச்சி வைத்திருந்த பசையை எடுத்துத் தடவி ஒவ்வொரு படியிலும் ஒட்டினேன். ஊரிலிருந்து வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். "படிக்கும் லேபிள் ஒட்டிட்டியாக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்கு வருத்தம்தான். புது வீட்டுத் தரையை ஆசை ஆசையாகத் தேய்த்து வைத்திருந்த மனுஷர். ஆனால் சாக்கைப் பிய்க்கச் சொல்லவில்லை. நாய்க்கு வைத்த கெடு மட்டும் மாறவில்லை. லோடு போய் லாரி திரும்பும்போதும் நாய் வாசலில் கிடந்தால் அதை லாரியில் ஏற்றிவிடுவதாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கு ஒட்டினதும் நாய் ஏறிவிட்டது என்று நினைக்காதே. நான் முதலில் கையில் சோற்றை வைத்துக்கொண்டு கெஞ்சினேன். கெஞ்சினால் என்னையே சந்தேகமாகப் பார்த்தது. எனக்கும் அலுத்துவிட்டது. வேலை கிடக்கிறதே என்று மொச்சையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் இடமில்லாததால் படியிலேயே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். அதன் சட்டி எனக்குப் பக்கத்தில் இருந்தது, நான் அதை மறந்தே போனேன். கொஞ்ச நேரத்தில் சட்டியில் நாக்கின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், உடனே ஓடிவிட்டது. அப்போது எனக்குப் பாதி விளங்கியது. மறுநாளிலிருந்து பார்க்காமல் உட்காருவதுதான் என் வேலை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். இந்த நாய் முதுகைக் காட்டிக் கறக்க வேண்டிய மாடு. சட்டியை ஒரு படி மேலே வைப்பேன், நானும் ஒரு படி மேலே உட்காருவேன், கீரை ஆய்வேன், அரிசியில் கல் பொறுக்குவேன். மேலேயிருந்து கூப்பிட வேண்டாம் என்று தாத்தாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, கூப்பிடுவதை மட்டுமல்ல, பேசுவதையே நிறுத்திவிட்டார்.

செவலை படி திரும்புகிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடி போட்டுப் பார்த்தார்கள். சத்தம் காற்றில் இங்கே வரைக்கும் வந்தது. நாய் ஒரே பாய்ச்சலில் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. லோடு லாரிகள் வரிசையாக நிற்கிற சமயம். ஒரு சக்கரத்துக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. டிரைவரிடம் வண்டியை எடுக்காதீர்கள் என்று கத்தி, அதை வெளியே வரவைக்கப் பெரும்பாடு ஆனது. மறுபடி வாசல் கல்லிலிருந்து ஆரம்பம். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் மொச்சை உரித்தேன். அதற்குள் லோடு போய்விட்டது, அப்பாவும் கூடவே போயிருந்தார். லாரி இன்றைக்கோ நாளைக்கோ திரும்ப வேண்டும். செவலை பழையபடி திருப்பம் வரைக்கும் வந்திருந்தது. அதற்கு மேலே ஒரு படி வைக்கவில்லை. மேலே தாத்தா இரண்டு வேளையாகக் கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடியும் வெடி. நான் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்த ஓடினேன். ஆனால் நாய் என்னைத் தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் படியில் அது இல்லை. முதல் தடவை வெளியே ஓடியது. இந்தத் தடவை மேலே ஓடியிருக்கிறது. காலுக்கு அடியில் சாக்கு இருந்ததால் அதற்கு மேலேயும் ஒரு திசையாகத் தெரிந்திருக்கிறது. நான் ஏறிப் போனபோது அது கட்டிலில் முன்னங்காலை வைத்து, தாத்தாவின் கைக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் "வந்துட்டியாலே" என்றார், அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, கஞ்சி இருக்கா என்று கேட்டார். நான் கீழே வந்து கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உன் அப்பாவிடம் விட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்கு இனிமேல்தான் கதை. ஏறின நாய்க்கு இறங்கத் தெரியவில்லை. ஏறும்போது படி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இறங்கும்போது அந்தப் பள்ளம் முழுக்க முன்னால் இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் படியின் தலைப்பில் நின்று எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், தாத்தாவிடம் ஓடும், மறுபடி வந்து எட்டிப் பார்க்கும். அதற்கு வெளியே போக வேண்டும், முட்டிக்கொண்டு நிற்கிறது, வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாத நாய். நான் தூக்கப் போனேன். என்னைப் பார்த்தே உறுமியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், படியின் நடுவில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன். நாயைப் பார்க்கக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அப்போது மேலே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம். தாத்தா மூச்சு வாங்கப் படியின் தலைப்பில் வந்து, பிறகு மெதுவாகக் கீழே உட்காருகிற சத்தம். நான் திரும்பவில்லை. அவர் என்னிடம் பேசவில்லை, நாயிடம்தான் பேசினார்.

"எனக்கும் பயந்தாம்லே. ஒனக்கு மட்டும்னு நெனச்சியா? அன்னைக்கு நாற்காலியில தொங்குனதுல இருந்து இந்தப் படியப் பாத்தாலே ஈரக்கொல நடுங்குது. யார்ட்டப் போயிச் சொல்ல? வா, ரெண்டு பேருமா எறங்குவோம்."

தம்பி, நாங்கள் எல்லாரும் வீம்பு என்றோம். வைத்தியர் சோம்பல் என்றார். அவருக்குக் காலில் வலி இல்லை. ஐம்பது வருஷம் காளைகளை அடக்கி, கிணறு வெட்டி, ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த மனுஷர், பெற்ற பிள்ளையிடமும் மருமகளிடமும் படிக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? கால் வலி என்று சொன்னால் மரியாதை போகாது. அதனால் கால் வலி என்றார். நாய்க்கு அந்த வசதி இல்லை, அது ஊளையிட்டது. அவர் உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு படி இறங்கினார். சாக்கில் உரசுகிற சத்தம் கேட்டது. நாயின் நகம் அவர் பக்கத்தில் சாக்கைப் பற்றுகிற சத்தமும் கேட்டது. நான் ஒரு படி கீழே நகர்ந்து, முறத்தையும் நகர்த்தினேன். அப்படியே மூன்று பேரும் இறங்கினோம். கடைசிப் படியில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "தள்ளு தாயி, அது வெளிய போகணும்" என்றார். நாயை விரட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் தன் காலால் நடந்து போனார். கூடத்தில் இருந்த பெண்கள் கையில் பசையோடு அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள்.

மத்தியானம் லாரி திரும்பியது. அதில் வந்து இறங்கிய உன் அப்பா, வாசல் கல்லில் தன் தகப்பனார் உட்கார்ந்து நாயின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். டிரைவரைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, கைகால் கழுவி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படியில் இருக்கிற சாக்கை எடுத்துவிட வேண்டாம் என்றார். அதுதான் அவர் எனக்குச் செய்த பாராட்டு. அதற்கப்புறம் நம் வீட்டில் யாரும் மெழுகு போடவில்லை. நீ லீவுக்கு வந்து கேட்டபோது கயிறு கட்டி இழுத்ததாகச் சொன்னார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. உன்னையும் அவர் அப்படித்தான் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கினார். பழகினாயா? இன்றைக்கும் வாளியில் மொண்டு கரையில் நின்றுதானே குளிக்கிறாய். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது எதற்காவது பயந்து நின்றால், அதைத் தூக்கிக்கொண்டு போகாதே, தள்ளியும் விடாதே. அதன் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார்.

ஐப்பசி மழையில் ஈரக் காலோடு, சாக்கெல்லாம் எப்போதோ நைந்து போய்விட்ட இந்தப் படியிலேயே நான் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது உனக்குத் தெரியும். மாவுக்கட்டைப் பிரித்து மாசங்கள் ஆகின்றன. கீழ்வீட்டை அச்சாபீசுக்கு விட்டிருப்பதால் நான் மாடியிலேயே முடங்கிவிட்டேன், சமையல்கார பாக்கியம் வந்து போகிறாள், வேறு பேச்சுத் துணை இல்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். நான் ஒவ்வொரு கடிதத்திலும் வலிக்கிறது என்று எழுதுகிறேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன், அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். தம்பி, எனக்குக் காலில் வலி இல்லை.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது அறையில், உன் தாத்தாவின் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நாய் உருண்ட கதைக்கு வந்தபோது பாக்கியம் சோறு கொண்டுவந்தாள். கீழே அச்சாபீசில் சாக்கு இருந்தால் வாங்கிவந்து படிகளில் ஒட்டச் சொன்னேன். வெயிலில் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற முகத்தோடு போனாள், ஆனால் ஒட்டிவிட்டாள். இப்போது படியின் தலைப்பில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். கீழே மிஷின் ஓடுகிறது, படி முழுக்க அதிர்கிறது. ஈரக்கொலை நடுங்கத்தான் செய்கிறது. இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் ஒரு படி இறங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வா. காரை மட்டும் கொண்டுவா. நாற்காலியும் ஆட்களும் வேண்டாம். மருமகளிடம் சொல்லி உன் வீட்டுப் படிக்கும் சாக்கு விரிக்கச் சொல், வத்தல் சாக்காக இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். நீ வரும்போது நான் எந்தப் படியில் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. எந்தப் படியில் இருந்தாலும் என்னை அண்ணாந்து பார்க்காதே, கூப்பிடாதே, கையை நீட்டாதே. கீழ்ப் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேப்பர் படித்துக்கொண்டிரு. நான் வந்து உன் தோளைப் பிடித்து எழுந்துகொள்கிறேன்.

அம்மா